பதினேழு வருஷமும் ஒரு கையும்

எங்க அப்பா பேரைச் சொல்லி விசாரித்தால் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கைதூக்கி வீடு எது என்று கேளுங்கள், தெருமுனை செல்போன் கடைக்காரர் எழுந்துவந்தே வழி காட்டுவார். காட்டிவிட்டு, ஒரு கையை வானத்துக்குத் தூக்கி நின்று, பல்லைக் காட்டுவார். அந்தப் பல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதில் இரண்டு பாடம் ஃபெயில், அதில் ஒன்று கணக்கு. ஆனால் அப்பாவுடைய எண்கள் மட்டும் எனக்குத் தப்பாது.

ஒரே கிளப். பதினேழு வருஷம். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். மூக்கு மூன்று தடவை உடைந்தது, மூன்றாவது தடவைதான் நேரானது. புருவத்தில் பதினொரு தையல். முன்பல் இரண்டும் கட்டுப்பல், ஆட்டத்துக்கு முன்னால் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து அம்மாவிடம் கொடுப்பார். போட்ட கோல் நான்கு, அதில் ஒன்று நம்ம வலைக்குள்ளேயே. பகலெல்லாம் டைல்ஸ் கிடங்கில் பெட்டி இறக்கிவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்குப் போவார்.

அவர் டிஃபெண்டர். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. அப்பா எங்கே நிற்கிறாரோ அந்தப் பக்கம் பந்தை அனுப்ப எதிராளிக்கு மனசு வராது, வேறு பக்கம் அனுப்புவான். வராத பந்துக்கு யார் கைதட்டுவார்கள்? நானூற்றுப் பதினொரு ஆட்டத்தில் அவர் என்ன செய்தார் என்று ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். மிச்சம் ஒன்றைக் குழந்தைகூடச் சொல்லும்.

பதின்மூன்றாவது வருஷம், கடைசி ஆட்டம். டிரா ஆனாலே போதும், கிளப் முதல் டிவிஷனுக்குப் போய்விடும். எண்பத்தெட்டாவது நிமிஷம் எதிர் அணிக்காரன் ஒருத்தன் அப்பாவைத் தாண்டி முன்னாலேயே போய் நின்றுகொண்டு பந்தை வாங்கினான். அப்படி வாங்கக் கூடாது, அதற்குப் பேர் ஆஃப்சைடு. கோட்டோரம் நிற்கும் நடுவர் கொடியைத் தூக்கினால் ஆட்டம் நின்றுவிடும். தூக்குவார் என்று நம்பி அப்பா கையைத் தூக்கிக் காட்டி, நின்றார். கொடிக்காரர் அந்த நேரம் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கோல்.

மறுநாள் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் படம். கை மேலே, பந்து பின்னாலே. கிளப்பின் ஐம்பதாவது ஆண்டுக்கு வாசல் சுவரில் பழைய படங்களை மாட்டினார்களே, அதில் அப்பாவுக்கு ஒரே ஒரு படம். அதே படம். ஏன் சார் என்று நான் கேட்டதற்கு, "வரலாறு வரலாறுதானம்மா" என்றார் கிளப் செக்ரட்டரி. அந்த வாரம் அவருடைய ஸ்கூட்டரில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

அந்தக் கோல் விழுந்தபோது எனக்கு ஆறு வயது. வகுப்பில் நான் கை தூக்கினால் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றோடு வகுப்பில் கை தூக்குவதை விட்டேன். இரண்டு பாடம் போனதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன், அம்மா நம்பவில்லை.

வயிறு எரிவது எதற்கென்றால், அப்பா சொன்னது சரி. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவை நானே இருபது தடவை பார்த்தேன். அவன் ஒரு கை நீளம் முன்னால் நிற்கிறான்.

"நீங்கதானேப்பா கரெக்ட்டு?"

"கரெக்ட்டுதான். ஆனா நின்னுட்டேன். தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல. ஓடுறதுதான் வேலை."

அதற்கப்புறமும் நாலு வருஷம் ஆடினார். பிறகு கோச் வேலைக்கு ஆள் கிடைக்காததால் அவரையே போட்டார்கள். கோச் ஆனதும் போட்ட முதல் சட்டம்: எவனும் கையைத் தூக்கக் கூடாது. தூக்கினால், அன்றைக்குப் பயிற்சிக்குப் போட்ட மஞ்சள் பனியன் இருபத்து நாலையும் வீட்டுக்கு எடுத்துப்போய், கையால் துவைத்து, காயவைத்துக் கொண்டுவரணும். தண்ணி கேட்கக் கை தூக்கினாலும் அதேதான்.

இடது பக்க டிஃபெண்டர் ஒருத்தன், ஒல்லி, பேர் ஒட்டடை. வந்த புதிதில் வாரத்துக்கு மூன்று தடவை துவைத்தான். அவன் அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"கோச் சார், என் பையனை ஃபுட்பாலுக்கு அனுப்பினேனா, லாண்டரிக்கு அனுப்பினேனா?"

"ரெண்டும் கத்துக்கட்டும்மா. நாளைக்குக் கட்டிக்கப்போறவளுக்கு உதவும்."

ஆறு வருஷம் இப்படிப் போனது. இந்த வருஷம் அணி தள்ளாடியது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ் டிவிஷன், அப்பாவுக்கும் வேலை போய்விடும். செக்ரட்டரி கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னாராம்: "மேல போகவிடாத கை, கீழேயும் தள்ளிடாம இருந்தா சரி." அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பவர். மெஷினை நிறுத்தாமல் கேட்டார்.

"டிரா ஆனா போதுமா?"

"போதும்."

"அன்னிக்கும் டிரா போதும்னுதான் சொன்னீங்க."

அப்பா கட்டுப்பல்லைக் கழற்றித் தம்ளரில் போட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஆட்டத்தன்று நான் நம்ம கோலுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். கடைசி ஐந்து நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. திடீரென்று ஒரு நீளப் பந்து. எதிராளி மூன்று அடி முன்னால் நிற்கிறான். பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவருக்கே தெரிந்தது. கொடிக்காரருக்குத் தெரியவில்லை. எங்கிருந்து பிடிக்கிறார்களோ இவர்களை.

நம்ம பையன்கள் நாலு பேரும் கொடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடினார்கள். ஒட்டடை முழு நீளத்துக்கும் தரையில் சறுக்கி, கோல் கோட்டின் மேலேயே கட்டைவிரலால் பந்தைத் தட்டிவிட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

கூட்டம் சிரித்தது. எதற்கென்று திரும்பிப் பார்த்தேன். மைதானத்தின் ஓரத்தில் அப்பா. வலது கை நேரே மேலே. அசையாமல் நிற்கிறார்.

இரண்டாயிரம் பேர் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். ஒட்டடை காப்பாற்றியதை ஒருத்தரும் பார்க்கவில்லை. "கைதூக்கி, கைதூக்கி" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள். செக்ரட்டரி முன்வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். விசில் ஊதினார்கள், டிரா. கிளப் பிழைத்தது. அப்பா வேலையும் பிழைத்தது. தாளம் மட்டும் நிற்கவில்லை.

வெளியே காத்திருந்தேன். நடுவில் எனக்கு ஸ்கூட்டர் நிறுத்தும் பக்கம் ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்துவிட்டு வந்தேன். பையன்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். கடைசியில் அப்பா, தோளில் பனியன் மூட்டை. ஒட்டடை ஓடிவந்தான்.

"சார், குடுங்க. நான் துவைச்சுட்டு வரேன்."

"நீயா தூக்கின?"

"இல்ல சார்."

"அப்ப கையை எடு."

எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்குப் படி அப்பா முட்டி சத்தம் போடும். என்னையும் மூட்டையைத் தொடவிடவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய், முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தோலை உரிப்பதுபோலத் தேய்க்க ஆரம்பித்தார்.

அம்மா எட்டிப் பார்த்தார். "தோத்துட்டீங்களா?"

"டிரா."

"அப்ப இது எதுக்கு?"

"தூக்கிட்டேன்."

அம்மா புது சோப்பை உறை பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஆஃப்சைடுதாம்பா. நேர்ல பார்த்தேன். மூணு அடி."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கோபம்?"

"பசங்க ஒருத்தன்கூட நிக்கலடி. நான் மட்டும் நின்னேன்." அடுத்த பனியனை எடுத்தார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார், சோப்பு நுரை பட்டிருக்கலாம்.

நான் பாவாடையைச் செருகிக்கொண்டு அலச உட்கார்ந்தேன். கையை எடு என்று சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. பாதி முடிந்தபோது, "செக்ரட்டரி ஸ்கூட்டர் ரெண்டு டயரும் இறங்கிக் கிடந்துச்சு" என்றார்.

"அப்படியா? யாரோ."

"யாரோகிட்ட சொல்லு, பின்னாடி ஸ்பேர் டயரை விட்டுட்டாங்கன்னு."

பால்கனிக் கொடி கொஞ்சம் உயரம். ஒவ்வொரு பனியனுக்கும் அப்பா கையைத் தூக்கிக் கிளிப் போட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ போடும்போது கீழே சிரிப்புச் சத்தம். செல்போன் கடைக்காரர் நடுத்தெருவில் நின்று, அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பல் முப்பத்திரண்டும் தெரிந்தது. அப்பா கவனிக்காததுபோல அடுத்த கிளிப்பை எடுத்தார். எனக்குத்தான் உச்சந்தலைவரை ஏறியது.

பக்கெட்டில் அழுக்குத் தண்ணி மிச்சம் இருந்தது. யாரோ ஊற்றினார்கள்.

கீழே கை இறங்கிவிட்டது. அப்பா எட்டிப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஈரப் பனியனை ஒரு உதறு உதறினார்.

"பக்கெட்டைக் கழுவி வச்சுட்டு வா. இன்னும் பதினஞ்சு இருக்கு."