மைக்கை அணைத்து எடுத்த பதினான்கு நிமிடம்

கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் மைக்கை நம்புவதில்லை. தாலி கட்டும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து யாராவது, "பந்தியில ரசம் தீந்துபோச்சாம்" என்பார்கள். அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். அதனால் எடுக்கும்போதே ஒலியை அணைத்துவிட்டு, பிறகு சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவோம். சிதம்பரத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்து ஒன்பது வருடமாக நான் பார்க்கிற வேலை இதுதான். கேமராவைக் கையில் எடுத்தால் விரல் தானாகவே அந்தப் பட்டனுக்குப் போகும்.

என் அப்பா கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம்" என்று அவர் இழுத்துக் கூவினால், கடலூர் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன்கூட எழுந்து வந்து ஏறிவிடுவான். அந்தக் குரலில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஆடி மாதத்தில், கல்யாண வேலை இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில், கடலூரில் கேமராவோடு அவர் பஸ்ஸில் ஏறினேன். சிதம்பரம் போய்ச் சேரும்வரை அவரையே எடுத்தேன். அப்போதே அவருக்குத் தொண்டை கரகரப்பு இருந்தது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று நாங்கள் வெந்நீர் குடிக்கச் சொன்னோம். எடுத்ததை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வந்துவிட்டன, அதோடு மறந்தும் போனேன்.

அதே வருடம் கார்த்திகையில் புதுச்சேரியில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் கட்டோடு படுத்திருந்தவரிடம் நான் பெரிய மனுஷியாட்டம், "கவலப்படாதப்பா, உன் வாய்ஸ் மொத்தமும் எங்கிட்ட பத்திரமா இருக்குது" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இந்த வருடம் ஓவியர்கள், கலைஞர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கான விருதுப் போட்டி ஒன்றின் அறிவிப்பு போனில் வந்தது. பதினைந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்; அடுத்தவர் பாட்டைச் சேர்க்கக்கூடாது. அப்பாவின் குரல் போதாதா, பாட்டு எதற்கு என்று துள்ளிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அப்பா வாயைத் திறக்கிறார், சத்தம் இல்லை. ஹெட்போனை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன். ஒலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் நேராகப் போய்க்கொண்டிருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் குரல் வேறு எதிலும் இல்லை. என் கல்யாண வீடியோவில்கூட அவர் பேசுகிற இடமெல்லாம் நானே பாட்டைப் போட்டு மூடியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். "அவருகிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். எடுத்ததைப் பதினான்கு நிமிடமாக வெட்டித் தொகுத்துக்கொண்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை, மடிக்கணினியை அப்பா முன்னால் வைத்து உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. ஓட்டு என்று கையைக் காட்டினார். பதினான்கு நிமிடமும் அசையாமல் பார்த்துவிட்டு, அனுப்பு என்று மறுபடி கையைக் காட்டினார்.

அனுப்பினேன். விண்ணப்பத்தில் ஒலியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 'ஒலியின்மை என் கலைத் தேர்வு' என்று எழுதினேன். கூச்சமே இல்லாமல்தான் எழுதினேன்.

ஆறு வாரம் கழித்து, இறுதிச் சுற்றுக்குத் தேர்வானதாக மின்னஞ்சல் வந்தது. அந்த மௌனத்தின் துணிச்சலை நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். கூடவே ஒரு கேள்வி: பதினோராவது நிமிடத்தில் அவர் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாரே, என்ன அது?

எனக்கு ஞாபகமே இல்லை. கல்யாண வீடியோ என்றால் கேமராவைப் பார்த்துப் பேசுகிற துண்டை முதலில் வெட்டியிருப்பேன். இதில் எப்படியோ தப்பியிருக்கிறது. அந்த இடத்தை ஓட்டிக்காட்டி அப்பாவிடம் கேட்டேன்.

 அவர் பேச்சுக்குப் பதிலாக எழுதிக்காட்ட வைத்திருக்கும் சின்ன நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எழுதினார்: "மைக்கு போட்டிருக்கியா பாப்பா, தொண்ட போயிக்கிட்டே இருக்கு, நல்லா புடிச்சி வையின்னேன். நீ தலையாட்டுன."

"ஞாயித்துக்கெழம ஓட்டிக்காட்டுனப்பவே இத ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.  அவர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் நடுவர்களுக்கு அனுப்பினேன். கலைத் தேர்வு என்ற வரியை அடித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டேன்.