ஏசணும்னா பாடுங்க

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குள் சிக்னல் எட்டாது. தேயிலைக்கு மேலே உள்ள வளைவு வரை ஏறிப் போக வேண்டும். பனிமூட்டத்துக்குள் அங்கே போய் நின்றால், கொழும்பிலிருந்தும் குவைத்திலிருந்தும் எங்கள் ஆட்களின் குரல்கள் போனில் ஒவ்வொன்றாய் வந்து இறங்கும். மலை தூக்கத்தில் பேசுவதுபோல் இருக்கும்.

அந்தக் குரல்கள் வருவது, கூடப் படித்த சிலர் சேர்ந்து தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில். நான்தான் அட்மின். ஹாலிஎல, லுணுகலை என்று சுற்று ஊர் ஆட்களும் பெருகப் பெருக வம்பும் பெருகியது. லுணுகலையில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எங்கள் திருவிழாப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது தேரா, கொழுந்து லொறியா?” என்று கேட்டார். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் அவருடைய பரம்பரையையே இழுத்தார். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. நானும் அழித்தேன், எச்சரித்தேன், வெளியேற்றினேன். வேறு நம்பரில் திரும்பி வந்தார்கள். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் அக்காவுக்கு ஊர் என்று இருந்தது அந்தக் குழு மட்டும்தான். “இங்க மேடம்கிட்ட ஏச்சு. போனத் தொறந்தா அங்கயும் ஏச்சு. நான் போறேன் தம்பி,” என்று சொல்லிவிட்டு ஒருநாள் விலகிப் போனாள். வளைவில் நின்று அழுதேன்.

மாசியில் எங்களுக்குக் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தானா, இல்லையா என்று இரண்டு கட்சி கட்டி லாவணி பாடுவோம். எதிர்க்கட்சி கேட்டதற்குப் பாட்டிலேயே பதில் சொல்லிவிட்டுத்தான் நம் கேள்வியைப் போடலாம். எவ்வளவு குத்திப் பாடினாலும் கைகலப்பு வந்ததில்லை. அதையே குழுவில் சட்டமாக்கினேன். ஏசணும்னா பாடுங்க. எழுத்தில் வந்தால் அழித்துவிடுவேன்.

சில நாள் கழித்து லுணுகலை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தேரைப் பற்றிப் பாடினார். கொழும்புக்காரர் பதில் பாட வந்து, பாதியில் மெட்டு வழுக்கி, தானே சிரித்துவிட்டார். கோபத்தை மெட்டில் உட்கார வைப்பது லேசான வேலையில்லை. மெட்டுத் தேடுவதிலேயே பாதிக் கோபம் போய்விடுகிறது.

அந்தப் பாட்டுகளை அக்காவுக்கு அனுப்பி, அவளை மறுபடி குழுவில் சேர்த்தேன். பல நாள் கழித்து ஒரு மத்தியானம், மூட்டத்துக்குள் நின்றபோது அவள் குரல் வந்தது. எஜமானிக்குக் கேட்டுவிடாமல், குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெல்லப் பாடியிருந்தாள்.

“எரிஞ்சான்னு ஒரு கட்சி, எரியலன்னு ஒரு கட்சி,
காமன் பொண்டாட்டி ரதி அங்க ஒத்தையில நிக்கிறாளே,
அவள யாரு கேட்டீங்க?”

லுணுகலை அண்ணன்தான் முதலில் பதில் சொன்னார். மெட்டு ஒன்றும் இல்லை.

“தங்கச்சி, சாப்பிட்டியாம்மா?”