மூன்றாவது பின்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு நான் எந்த வேலையிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. மண்ணூர்பேட்டையில் நண்பனோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயர் செய்ததுதான் நான்கு வருடம் ஓடியது. பெட்டியில் துளை போட்டு சாக்கெட் மாட்டுவதும், வீடு வீடாகப் பேசி விற்பதும் என் வேலை. உள்ளே ஈயம் உருக்கி ஒயர் பத்தவைப்பது அவன். முடித்ததும் மூடியின் திருகுகளில் சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பான். அதை உடைத்தால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம். நான் உடைத்ததில்லை.

பாரிவாக்கத்தில் ஒரு லேத்காரரிடம் விற்கப் போனேன். பாட்டுப்பெட்டி கீழே, ஆம்ப்பும் ஸ்பீக்கரும் மாடியில், நடுவில் நாற்பதடி ஒயர். பக்கத்தில் வெல்டிங் பட்டறை வேறு. பாட்டோடு எப்போதும் ஒரு இரைச்சல். நான் விளக்கினேன். சாதாரண ஆர்சிஏ ஒயரில் பாட்டு ஒரே கம்பியில் வரும், வழியில் ஏறும் இரைச்சலும் கூடவே வந்துவிடும். எங்கள் ஆம்ப்பில் மாட்டும் மூன்று பின் வைத்த பேலன்ஸ்டு ஒயரில் அதே பாட்டு இரண்டு கம்பியில் வரும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். ஆம்ப் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் போய்விடும், பாட்டு நிற்கும்.

"அண்ணாத்தே, இரைச்சல் வந்தா பாதி மீசைய எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

எங்கள் ஆம்ப்பை மாட்டிய அன்றே இரைச்சல் வந்தது. ஒயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. எர்த்தை மாற்றினேன், போகவில்லை.

"மீச போச்சா? டப்பாவத் தொறப்பா" என்றார்.

நண்பனுக்குப் போன் போட்டேன்.

"தொறக்காத மாமே! அந்தாளு ஊட்ல கரண்டு சரியில்ல."

அவன் அவ்வளவு அவசரமாகச் சொன்னதால்தான் திறந்தேன். தலைகீழ்ப் பாட்டு வந்து சேர வேண்டிய மூன்றாவது பின்னிலிருந்து அரை அங்குல ஒயர், பக்கத்து எர்த் பின்னோடு முடிந்திருந்தது. கழிக்கிற சர்க்யூட்டே உள்ளே இல்லை. வெளியே பேலன்ஸ்டு, உள்ளே பழைய ஆர்சிஏ. பத்தவைத்தது மட்டும் அவன் கைக்கே உரிய சுத்தம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவனை மறுபடி கூப்பிட்டேன்.

"இன்னாடா இது?"

"எவன் மச்சான் தொறந்து பாக்கப் போறான்? நாலு வருசமா பக்கத்துலயே குந்திகினு கீற, நீயே பாக்கல."

லேத்காரர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுண்ணே."

"தெரியாமத்தான் அம்மாம் நேரம் கிளாஸ் எடுத்தியா?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் எங்கள் பட்டறைக்குப் போகவில்லை. வானகரத்தில் நான் பேசி விற்ற இன்னொரு வீட்டுக்குப் போனேன். அங்கே ஒயர் மூன்றடிதான். இரைச்சல் என்று அவர்கள் குறை சொன்னதே இல்லை.

"நல்லாத்தானே பாடுது, எதுக்குத் தொறக்குற?" என்றார் அந்த வீட்டு அக்கா.

திறந்து காட்டினேன். அதே அரை அங்குல ஒயர். பாட்டில் குறையில்லை, நான் சொல்லி விற்றதில்தான் குறை என்றேன்.

"அவரு ஷிப்ட் முடிஞ்சு வரட்டும். எங்கிட்ட சொன்னத அவராண்ட நீயே சொல்லு" என்று நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன்.