இருபத்தைந்தரை அங்குலம்

கழுத்து கம்பளையில் கிடைத்தது, பிரிட்ஜ் மடவளையில் கிடைத்தது. வெளிநாட்டுச் சாமான் கண்ணில் படாத காலம் அது. உடைந்துபோன இரண்டு கிட்டார்களின் பாகங்களை வைத்து மூன்றாவதாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து அக்காவின் கல்யாணத்தில் வாசிக்கப் போகிறேன் என்று கண்டி முழுக்கச் சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொள்வது என் பிறவிக் குணம். பிறகு பயந்து சாவதும் அதே குணம்தான்.

இரண்டு கிட்டார்களைப் பொருத்துவது ஜாதகம் பொருத்துவதைவிடச் சிரமம். கம்பளைக் கழுத்து ஒடுக்கம், உடலில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்குகிற மடவளை பிரிட்ஜ் அகலம். அப்படியே பூட்டினால் ஓரத்துக் கம்பிகள் இரண்டும் கழுத்தைவிட்டு வழுக்கி விழும். அதனால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் பள்ளங்களை உள்தள்ளிப் புதிதாக அராவினேன். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்குகிற சின்னத் துண்டுக்கு நட் என்று பெயர். அது எங்கும் கிடைக்காமல் பல் விளக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டிச் செய்தேன்.

உடல் பலகையை அறுத்து எல்லாவற்றையும் பூட்டித் தருவதாகச் சொன்னவர் அக்காவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. கட்டுகஸ்தோட்டையில் கதவு, அலுமாரி செய்கிற பட்டறை அவருடையது. அக்காவின் முந்திய சம்பந்தம் அப்பா யோசிக்காமல் சொன்ன ஒரு சொல்லால் முறிந்துபோயிருந்தது. "அவங்க செய்யிற எதையும் குறை சொல்லிறாத. வாய மூடிக்கிட்டு இரு" என்று அம்மா தினமும் என்னை எச்சரித்தாள்.

நட்டிலிருந்து, கழுத்தில் சுரத்துக்கு விரல் அழுத்துகிற கட்டைகளில் பன்னிரண்டாவது வரை பன்னிரண்டே முக்கால் அங்குலம். அதன் இரட்டிப்பு தூரத்தில், அதாவது இருபத்தைந்தரையில், பிரிட்ஜ் உட்கார வேண்டும். ஒரு நூலும் பிசகக் கூடாது என்று கடுதாசியில் எழுதியே கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் கிட்டார் வந்தது. கழுத்தில் விரல் வைக்காமல் மீட்டினால் சுருதி சுத்தம். விரல் மேலே ஏற ஏறச் சுரம் வரவேண்டிய இடத்துக்குக் கீழேயே நின்றது. என் நட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். இன்னும் இரண்டு பிரஷ்களை வெட்டினேன். சோறு இறங்கவில்லை, மாநகர சபையில் வேலையும் ஓடவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்தாறு!

பட்டறைக்கு ஓடினேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் பூரித்துப்போனார். "அளந்து பாத்தீங்களா தம்பி? இருபத்தஞ்சர ஆகாத அளவு. இருபத்தாறு ராஜ யோகம். நம்ம கல்யாணத்துல ஏறுற சாமானுக்குக் குத்தமான அளவு வைப்பேனா?"

வீட்டுக்குப் பார்க்கிற மனையடிக் கணக்கைக் கிட்டாருக்கும் பார்த்திருக்கிறார்! "ரொம்ப நன்றி மச்சான்" என்று சொல்லி, அவர் தந்த பிளேன்டீயையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்தக் கணக்கெல்லாம் நான் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் நான் அளவை மாற்றி, பிறகு அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட என் தலையில்தானே விடியும்? மாற்றச் சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு இந்தச் சம்பந்தமும் போய்விட்டால்?

அக்கா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அர இஞ்சு தப்புன்னு சொல்ல உனக்கே இவ்வளவு பயமா? நான் அவரு கூட காலம் பூரா இருக்கணும் தம்பி."

மறுநாள் கிட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறையில் ஒரு கம்பியைச் சும்மா மீட்டினேன். பிறகு பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தி மீட்டினேன். "ரெண்டும் ஒரே சுரமா வரணும் மச்சான். வரல்ல. நீங்க வச்ச அளவு தப்பு."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். நான் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"இன்னொருக்கா அடிங்க" என்றார். குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்டார். மூன்று தரம் அடிக்கச் சொன்னார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் அளவிலேயே கோடு போட்டு, திருகாணிகளைக் கழற்றினார். பிரிட்ஜைப் பூட்டி முடித்ததும் நட்டிலிருந்து அதன் பின் விளிம்புவரை டேப்பை இழுத்துப் பார்த்தார். "கம்பிக்கு உங்க அளவு. தகட்டோட சேத்தா இருபத்தாறு வருது, பாருங்க" என்று சிரித்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி."

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றாள். கிட்டாரை அவள் பார்க்கவே இல்லை.

"சத்தம் போட்டாரா?"

"இல்லக்கா. காத வச்சுக் கேட்டாரு."

அக்கா உள்ளே போய்த் தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதாள். அம்மா ஓடி வந்து, என்னடா சொன்னாய் என்று என்னை ஏசினாள்.