அறுக்காமல் விட்ட கட்டி

என் மனைவியின் அண்ணனுக்குக் குடும்பத்தில் 'சயின்டிஸ்ட்' என்று பெயர். வைத்துக்கொண்டவர் அவரேதான். ஆஸ்பத்திரி லேபில் மார்புக் கட்டிகளை அறுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவது வேலை. அதை வைத்துக்கொண்டு உலகத்துக்கே உபதேசம். விருந்துக்குப் போனாலும், "ஹார்மோனைப் பிடிக்கிற செல்லுன்னா பழுப்பாகும், இல்லேன்னா நீலமாவே நிக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

என் மனைவிக்கே மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் நடந்தது. வெட்டியெடுத்த கட்டி இருந்த ஜாடியை அவர் தூக்கிக்கொண்டார். "எவனும் தொடக்கூடாது. என் தங்கச்சியோடது, நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம், பழுப்பு ஏறவில்லை. லேபுக்குப் பொறுப்பான டாக்டரம்மா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்பே போனில் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "நெகட்டிவ் பாப்பா. ஹார்மோன் மாத்திரை கேக்காது, கீமோ ஒண்ணுதான்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் லேபுக்குப் போனேன். டாக்டரம்மா என் முன்னாலேயே மச்சானைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிக்குப் பக்கத்துல இருக்கற நல்ல பால்குழாய்கூட நீலமா இருக்கே? அதுல நிறம் ஏறியே ஆகணும். டெஸ்ட்டே தப்பு. கட்டி வந்ததும் வகுந்துதானே ஃபார்மலின் மருந்துல போட்டீங்க?"

சயின்டிஸ்ட் மெஷினைக் குறை சொன்னார், சாயத்தைக் குறை சொன்னார், கரண்டையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில், "முழுசா போட்டுட்டேம்மா. கத்தி வைக்க மனசு வரல" என்றார்.

முழுசாய்ப் போட்டால் மருந்து உள்ளே இறங்குமா? நடுப்பகுதி கெட்டே போயிருந்தது. ஊரான் வீட்டுப் பெண்களுடையதை வெங்காயம் மாதிரி அரிகிறவருக்குத் தங்கச்சி என்றதும் மனசாம், மனசு!

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஊசியில எடுத்த துணுக்கு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "நூல் மாதிரி இருக்கறதால மருந்து நல்லா ஏறியிருக்கும். அதுல திரும்பப் போடுங்க. நீங்க இல்ல, வேற ஆள்."

போட்டார்கள். நல்ல பழுப்பு. மாத்திரை கேட்கும்.

அன்று சாயங்காலமே சயின்டிஸ்ட் வீட்டுக்கு வந்துவிட்டார். "பாத்தியா பாப்பா? சந்தேகம்னு வந்ததும் விட்டோமா? திரும்பப் போட்டுட்டோம்ல!"

போட்டோமாம்! நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். லேபில் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அண்ணே, என்னை யாரோ எவளோன்னு நெனச்சு அறுத்திருந்தா நான் இப்படிச் செத்துப் பொழைச்சிருக்க வேணாம்."

அவள் முதல் மாத்திரையைப் பிரித்தாள். மனுஷன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த விவகாரத்தில் அவர் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.