இரண்டு தோட்டம், ஒரே உரம்

ரப்பர் மரத்தை அளக்கிற உத்தியோகத்தில் ஒரே ஒரு தொல்லைதான்: நேற்று அளந்ததை இன்றைக்கும் அளக்க வேண்டும், அதே அளவு வரவும் வேண்டும். துணி அளப்பவர்களே, எண்ணெய் அளப்பவர்களே, காய்ச்சல் அளப்பவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சி என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட, அவசரகாலச் சட்டம் நடந்த வருஷங்களில் நான் சிம்பாங் அம்பாட்டில் குடியிருந்தேன். ஒரு ரப்பர் ஆராய்ச்சி ஆபீசில் கிராணி வேலை, அதாவது அளந்து கணக்கு எழுதும் குமாஸ்தா. எங்கள் துரை, வெள்ளைக்காரர், ஒரு புது உரம் கண்டுபிடித்திருந்தார். அதைப் புலாவ் செபாங் பக்கம் ஒரு தோட்டத்திலும், நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்திலும் ஒரே வயது மரங்களுக்குப் போட்டுப் பார்த்தோம். நான் இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்தேன். பனி இறங்கி இலை உதிரும் அந்த ரப்பர் காட்டில் நின்றால் எது கனவு, எது கணக்கு என்று எனக்கே சில சமயம் குழம்பும்.

மரத்தின் இடுப்பு

முதலில் மரத்தின் சுற்றளவு. சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் நாடாவைச் சுற்றி இழுத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். புலாவ் செபாங்கில் நான் அளந்தால் ஒரு அளவு, துரை அளந்தால் வேறு அளவு. மழை பெய்த மறுநாள் இரண்டு பேருக்கும் மூன்றாவதாக ஒன்று வந்தது. துரை நாடாவை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மரம் மெல்ல மூச்சு விடுகிறது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

அந்த மரங்களில் பால் வெட்டியவர் சின்னப்பன். கத்தியைத் தீட்டியபடி எங்களை ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரமும் பொம்பள மாதிரிதான் கிராணி, ஆளப் பாத்துத்தான் இடுப்பு அளவு சொல்லும் லா."

இரண்டு தெர்மாமீட்டர்

அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் அவர்தான். ஒரு மத்தியானம் எனக்கு உடம்பு கதகதவென்று இருக்க, அவரிடம் போனேன். ஒரு தெர்மாமீட்டரை வைத்தார், நல்ல காய்ச்சல். சந்தேகப்பட்டு இன்னொன்றை வைத்தார், காய்ச்சலே இல்லை. நான் பெஞ்சில் படுத்து, காய்ச்சல் உள்ளவனாகவும் இல்லாதவனாகவும் ஒரே சமயத்தில் மிதந்துகொண்டிருந்தேன். அது சுகமாகக்கூட இருந்தது.

டிரெஸ்ஸர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றை அலமாரியில் போட்டுப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு இருந்தா அது எப்பவும் சரியாத்தான் இருக்கும் தம்பி, ரெண்டு வாங்கினதுதான் தப்பு."

நியாலாஸில் காணாத பால்

அந்தப் புத்திமதியை எங்கள் துரைக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் வந்தால் அது அதிர்ஷ்டம், இரண்டு இடத்தில் வந்தால்தான் ஆராய்ச்சி என்பது அவர் கட்சி. வந்ததோ இப்படி: புலாவ் செபாங்கில் உரம் போட்ட மரங்கள் உரம் போடாத மரங்களைவிட வாளி வாளியாகக் கொடுத்தன. நியாலாஸில் உரம் போட்டதும் போடாததும் ஒன்றுபோலவே கொடுத்தன. துரைக்கு உரத்தின்மேல் சந்தேகமே வரவில்லை. நியாலாஸ் மானேஜருக்கோ ஆள்மேல் வந்துவிட்டது. கூடுதல் பாலை யாரோ காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் அதைக் கட்டியாக்கி விற்றுவிடுகிறார்கள் என்று முடிவு கட்டினார்.

அந்த மரங்களில் பால் வெட்டியவர் அஞ்சலை என்ற அக்கா. புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் காட்டுக்காரர்களுக்கு உதவியவர் என்று பேர் வாங்கினால் விசாரணைக்கே இடமில்லை. லாரி வந்து பிள்ளைகுட்டியோடு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகும். சோறு காட்டுக்குப் போய்விடக் கூடாதென்று வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அக்கா மானேஜர் முன்னால் அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "கேட்டுல தெனமும் தடவித் தடவிப் பாக்குறாங்க, ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியல. இதுல நான் பால எங்க ஒளிச்சு வெச்சுக் கொண்டுபோவேன் கிராணி?"

கூடவே நடந்த காவல்காரர்

மானேஜர் ஒரு காவல்காரரை அக்காவின் பின்னாலேயே அனுப்பினார். மரத்துக்கு மரம் அவரும் நடந்தார். மாதம் முடிந்து நான் போய் அளந்தேன். பால் கூடவில்லை. அப்படியானால் அக்காமேல் குற்றமில்லை என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? மானேஜருக்கு அப்படித் தோன்றவில்லை. "அடுத்த மாசமும் இப்படியே வந்தா, காவக்காரனையும் அவளையும் சேர்த்துப் போலீஸ்ல கொடுத்துடுவேன்" என்றார்.

திரும்பும் வழியில் லயத்தில், தொழிலாளிகளின் அந்த வரிசை வீடுகளில், அக்கா வீட்டைக் கடந்தேன். வாசலில் ஒரு மூட்டை. சட்டி பானை, பாய், பிள்ளைகளின் துணி எல்லாம் ஒரு பழைய சேலையில் இறுகக் கட்டியிருந்தது. என்ன அக்கா இது என்றேன். "லாரிக்காரன் மூட்ட கட்ட நேரம் கொடுக்க மாட்டானாம், அதான் முன்னாலயே கட்டிட்டேன்."

மரங்களுக்குள் ஒரு விளக்கு

அந்த வாரம் புலாவ் செபாங் போயிருந்தபோது, எங்கோ ரோட்டை மறித்துவிட்டார்கள், கடைசி பஸ் வரவில்லை. டிரெஸ்ஸர் வீட்டில் படுத்துக்கொண்டேன். எப்போதும் நான் விடிந்தபின் முதல் பஸ்ஸில் வருகிறவன். பால் வாளிக்கு வந்த பிறகுதான் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு விடியற்காலையில் விழிப்பு வந்து ஜன்னலைத் திறந்தால், பனிக்குள் ஒரு சின்ன வெளிச்சம் தரையைத் தொடாமல் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருந்தது. கர்ஃபியூ நேரம். ஆகவே கனவுதான் என்று முடிவு செய்து, கனவில் நடக்கிறவனுக்குச் செருப்பு எதற்கு என்று வெறுங்காலோடு இறங்கிப் போனேன். ஈர இலை சில்லென்று இருந்தது. சுற்றிலும் மரங்களில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டும் சத்தம், கேட்கக் கேட்க இனிமையாக இருந்தது.

வெளிச்சம் சின்னப்பனின் நெற்றி விளக்கு. அந்தத் தோட்டத்தில் லயம், ஸ்டோர், ஆஸ்பத்திரி, நாங்கள் உரம் போட்ட மரங்கள் எல்லாவற்றையும் ஒரே முள்கம்பி வேலிக்குள் வளைத்துப் போட்டிருந்தார்கள். வேலிக்குள் நடமாடக் கர்ஃபியூ இல்லை. அவர் இருட்டோடு வெட்டினார். உரம் போடாத மரங்கள் வேலிக்கு வெளியே இருந்தன, அவற்றை வெயில் ஏறித்தான் வெட்டினார்கள். நியாலாஸில் எல்லா மரங்களுமே வேலிக்கு வெளியே. விடிந்து, கேட் திறந்து, சோதனை முடிந்து அக்கா முதல் மரத்தைத் தொடும்போது வெயில் ஏறியிருக்கும். இருட்டில் பால் ஓடும், வெயிலில் நின்றுவிடும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும், துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று சின்னப்பனைக் கேட்டேன். "உரத்தாலதான் பால் கொட்டுதுன்னு தொர அவ்வளவு சந்தோசமா இருந்தாரு கிராணி, நான் ஏன் அதுல மண்ணள்ளிப் போடணும்?"

ஒன்றுபோல்

துரையிடம் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் நேர்மையானவர். அந்த மாதம் முழுக்கச் சின்னப்பனும் நியாலாஸ் கேட் திறக்கும் நேரத்துக்குத்தான் கத்தியைத் தொட வேண்டும் என்று உத்தரவு போட்டார். புலாவ் செபாங் பால் இறங்கி, நியாலாஸ் பாலோடு வந்து நின்றது. உரம் ஒன்றுமே செய்யவில்லை. துரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்த இலைகளைக் கையில் எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. கடைசியில் தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "பரவாயில்லை கிராணி, இப்போ ரெண்டு தோட்டமும் ஒரே பதில் சொல்லுது."

மூட்டை

மானேஜர் காவலை எடுத்துவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நானே லயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்: கணக்குச் சரியாகிவிட்டது, உங்கள்மேல் தப்பில்லை, மூட்டையை அவிழ்த்துப் பிள்ளைகளுக்குப் பாயை விரித்துப் போடுங்கள் என்றேன். அக்கா மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலிக்கு அப்பால் பனிக்குள் நின்ற மரங்களைப் பார்த்தார். முடிச்சில் கை வைத்தவர், அவிழ்க்காமலே கையை எடுத்துவிட்டார்.

"அடுத்த மாசமும் நான் திருடலன்னே வருதான்னு பாப்போம் கிராணி, அப்புறம் அவுக்குறேன்."

ஆகவே என் கட்சிக்காரர்களே, உங்கள் கணக்கு இன்னோர் ஊரில் திரும்ப வரவில்லை என்றால், யாரையும் மூட்டை கட்ட வைப்பதற்கு முன்னால், அந்த ஊரில் கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.