ஏறின பிளேன்ல இறங்காதவ

செனாய் ஏர்போர்ட் பக்கம் பேக்டரியில வேலை பாக்கறவங்களுக்கு பிளேன் ஒண்ணும் அதிசயம் இல்ல. கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கறப்ப தலைக்கு மேலேயே இறங்கும், சக்கரம்கூட தெரியும். கல்யாணம் ஆன புதுசுல இருந்து அண்ணாந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு தடவகூட ஏறினது இல்ல. பினாங்கு போனாலும் காடிதான், கேமரன் மலைக்குப் போனாலும் காடிதான். அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் கொடுப்பேன்.

அதனால, மெர்சிங்ல படகு ஏறி தீவுக்குப் போறோம், அங்க பிளேன்ல ஏத்திக்கிட்டுப் போயி பாரசூட்டோட குதிக்க வைக்கறாங்கன்னு என் மக சொன்னப்ப, குதிக்கறது என் காதுலயே விழல. பிளேன் மட்டும்தான் விழுந்துச்சு.

"எனக்கும் ஒரு இடம் போடு."

வீடே சிரிச்சுது. "அம்மா, நீங்க எஸ்கலேட்டர்லயே என் கையப் புடிச்சுக்குவீங்க."

"அங்கயும் பழகின ஆள் ஒருத்தன் முதுகோட சேத்துக் கட்டிக்கிட்டுதானே குதிப்பான்? அவனப் புடிச்சுக்கறேன். நீ போடு."

போட்டா. என் பேக்டரி கூட்டாளிங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. அவருக்கு பிரஷர், குதிக்கக் கூடாது. அவரோட தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் சும்மா வேடிக்கை பாக்க வந்தாங்க.

தீவுல கடலை ஒட்டியே சின்ன ஓடுபாதை. பிளேன் நம்ம ஸ்கூல் வேன் அளவுதான் இருந்துச்சு. எனக்கு வாய்ச்சவன் ஒரு மலாய்க்காரப் பையன், சிரிச்ச முகம். நெஞ்சுல பெல்ட்ட இறுக்க வந்தவன் நின்னுட்டான். பெரியம்மாங்கற மாதிரி "மக்சிக்"னு கூப்பிட்டு, "சங்கிலி கூடாது. பெல்ட்டுல மாட்டிக்கும்"னு மலாய்ல சொன்னான். உள்ள விட்டுக்கறேன், டேப் போட்டு ஒட்டிக்கறேன்னு கெஞ்சிப் பாத்தேன். கழட்டாம ஏத்த மாட்டேன்னுட்டான்.

அது சங்கிலியா? தாலிக்கொடி. பிள்ளை பெத்தப்பகூட நான் கழட்டினது இல்ல.

நாத்தனார் மூஞ்சி கறுத்துப் போச்சு. "வேணாம் அண்ணி. அண்ணன் குத்துக்கல்லாட்டம் முன்னாடி நிக்கறப்ப தாலிய கழட்டுவீங்களா? அவருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

அலமாக், எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வானத்துல இருந்து குதிக்கப் போறவ நான், ஆபத்து மணல்ல நிக்கற மனுஷனுக்காம்! ஆனா பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் உடனே கழட்ட வரல. கை கழுத்துக்குப் போகுது, திரும்ப வருது. அந்தப் பக்கம் பிளேன் உறுமிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு விட்டா இந்த ஜென்மத்துல இல்ல, மறுபடியும் ஆரஞ்சுதான்.

"முன்னாடி நிக்கறாருல்ல, அதனாலதான் கழட்டறேன். அவருகிட்டயே கொடுக்கறேன்."

கழட்டிட்டேன். அவரு தலையக் குனிஞ்சாரு. அவரு கழுத்துலயே போட்டு விட்டேன். கையால ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு, "கனமாத்தான் இருக்கு லா"ன்னாரு. நாத்தனார் மூஞ்சத் திருப்பிக்கிட்டா.

பிளேன் ஏறுச்சு. ஜன்னலோரம் உக்காந்தேன். படகெல்லாம் பயறு மாதிரி ஆயிடுச்சு, கடலு கரைப்பக்கம் பச்சை, தள்ளிப் போகப் போக நீலம். ஆசை தீரப் பாக்கறதுக்குள்ள கதவத் திறந்துட்டான். என் மக கையாட்டிக்கிட்டே போயிட்டா. பெத்த வயிறு பத்தி எரிஞ்சுது. அடுத்து நான். காலு ரெண்டும் வெளிய தொங்குது, முருகான்னு சொல்ல வாயத் திறந்தேன், காத்து வாய்க்குள்ள பூந்து சத்தமே வரல. அதுக்கப்புறம் வந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச அத்தனை கெட்ட வார்த்தையும்! நல்ல வேளை, பையனுக்குத் தமிழ் தெரியாது.

ஆனா கண்ண மூடல. கன்னம் காதுகிட்ட போயிடுச்சு, கண்ணுல தண்ணி கொட்டுது, மூடல. பாரசூட் விரிஞ்சதும் எல்லாச் சத்தமும் நின்னு போச்சு. யாரும் என்னய கூப்பிடல. எதையும் எடுத்துக் கொடுக்கச் சொல்லல. அவ்வளவு சந்தோஷத்த நான் எங்கயும் பட்டதில்ல. பையன் பயமான்னு கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் சுத்துன்னேன்.

மணல்ல குந்தின வாக்குல வந்து விழுந்தேன். எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கத்திட்டேன், "பிளேன்ல ஏறினேன், இறங்கவே இல்ல! எவளுக்காவது இந்தப் பெருமை உண்டா?" அவரு ஓடி வந்தாரு, தாலிக்கொடி சட்டைக்கு மேல ஆடுது. நல்லா குத்துக்கல்லாட்டம்தான் இருந்தாரு. அங்கயே என் கழுத்துல போட்டு விட்டாரு. கூட்டாளிங்க ஐஸ் பெட்டியத் தட்டி கெட்டிமேளம் கொட்டினாங்க. தெரியாத சனமெல்லாம் கைதட்டுச்சு. வெக்கமா போச்சு எனக்கு.

நாத்தனார் மட்டும் கிட்ட வரல. கோவமா இருக்கா, இருக்கட்டும்னு விட்டுட்டேன். அடுத்த ரவுண்டுக்கு ஆள் இருக்கான்னு பையன் சத்தம் போட்டுக் கேட்டான்.

முதுகுக்குப் பின்னாடி யாரோ வந்து நின்னாங்க. திரும்பினேன். நாத்தனார்தான். என்னயப் பாக்கல, தலையக் குனிஞ்சு, ரெண்டு கையயும் பின்கழுத்துல வச்சு எதையோ இழுத்துக்கிட்டு இருந்தா.

"அண்ணி, இந்தக் கொக்கி வரவே மாட்டேங்குது. கொஞ்சம் கழட்டி விடுங்க."